மகளின் மதுச்சாலைக்கு நான் போன கதை

1

இந்தப் பங்குனியோடு நான் குடியை விட்டு ஐந்து வருடம் நிறைகிறது. ஒஸ்லோவில் எங்கள் ஆட்கள் எல்லாவற்றுக்கும் மண்டபம் எடுப்பார்கள். பிறந்தநாளுக்கு, சாமத்தியவீட்டுக்கு, வீடு வாங்கியதற்கு, நோர்வேக்கு வந்து இருபது வருடம் ஆனதற்கு. குடியை விட்டதற்கு மண்டபம் எடுத்தவர் எவரையும் நான் அறியேன். எடுப்பதென்றால் முதலில் குடித்ததை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஊரில் இருக்கும் நண்பர் ஒருவர் அங்கத்தைய சீவியத்தைப் பற்றி எழுது என்று பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். பனியைப் பற்றி எழுதினேன். வடக்கின் இரண்டு மாத இருட்டைப் பற்றி எழுதினேன். வரியைப் பற்றிக்கூட எழுதினேன். எழுதாமல் விட்டது இதைத்தான். நடந்தது போன வருட மாசியில், யப்பானில். ஆனால் தொடக்கம் நோர்வேயில்.

நான் எண்பத்தேழில் வந்தவன். முதல் வேலை நாட்டின் வடகோடியில் ஒரு மீன் தொழிற்சாலையில். ஒரு ஞாயிற்றுக்கிழமை மேற்பார்வையாளர் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். மூன்றாம் தரம் உருளைக்கிழங்கு வந்தபோது, வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்ல நினைத்தேன். தெரிந்த ஆங்கிலத்தை அப்படியே நோர்வேஜியமாக்கி, "யெய் ஆர் ஃபுல்" என்றேன். மேசை முழுக்கச் சிரித்தது. அந்த மொழியில் அதற்கு அர்த்தம், நான் வெறியில் இருக்கிறேன் என்பது. அன்றைக்கு நான் ஒரு துளிகூடக் குடித்திருக்கவில்லை. பத்து வருடம் கழித்து, நான் வாய் திறக்காமலேயே எல்லோரும் அதைக் கண்டுகொள்ளும் நிலைக்கு வந்திருந்தேன்.

2

எப்படிக் குடிகாரன் ஆனேன் என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. யுத்தம், குளிர், தனிமை என்று மற்றவர்கள் சொல்லும் காரணங்கள் எல்லாம் எனக்கும் இருந்தன. அதே காரணங்களோடு குடிக்காமல் இருந்தவர்களும் பக்கத்து வீட்டில் இருந்தார்கள்.

ஒஸ்லோவுக்கு மாறி, ரொம்சோஸில் வீடு எடுத்து, பேருந்து ஓட்டினேன். ஒருநாள் காலை வேலை தொடங்குமுன் பரிசோதனைக் குழாயில் ஊதச் சொன்னார்கள். முதல் நாள் குடித்தது இன்னும் இரத்தத்தில் இருந்தது. வேலை போயிற்று, சாரதி அனுமதிப்பத்திரமும் போயிற்று. பிறகு ஒரு பொருட்களஞ்சியத்தில் பெட்டி அடுக்கும் வேலை. இன்றைக்கும் அதுதான்.

வேலை போனதைவிட எனக்கு மறக்காதது வேறொன்று. மகள் ஆரணிக்கு அப்போது பன்னிரண்டு வயது. பாடசாலையில் பெற்றோர் சந்திப்பு. என் மனைவி பவானிக்கு முதியோர் இல்லத்தில் மாலை வேலை, ஆகவே நான் போனேன். போகும் வழியில் கொஞ்சம் குடித்திருந்தேன். ஆசிரியை கேட்டதற்கு என் நாக்கு நோர்வேஜியத்தில் வளையவில்லை. தமிழில் பேசத் தொடங்கினேன். ஆரணி என் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு வசனமாக மொழிபெயர்த்தாள். நான் உளறியதை அவள் சொல்லவில்லை. ஒரு நல்ல தகப்பன் அந்த இடத்தில் என்ன சொல்வானோ, அதைச் சொன்னாள். ஆசிரியை எனக்குக் கைகொடுத்து அனுப்பினார்.

அந்த நாட்களில் நான் வீட்டுக்குள் நுழையும்போது அவள் ஒரு கேள்வி கேட்பாள். "ஹார் டு ட்ருக்கெ?" குடித்தாயா என்று அர்த்தம். வீட்டில் எங்களோடு தமிழ் கதைக்கிற பிள்ளை, இதை மட்டும் நோர்வேஜியத்தில் கேட்பாள். தமிழில் கேட்டால் "நீங்கள்" போட்டு, "அப்பா" போட்டுக் கேட்க வேண்டும். நோர்வேஜியத்தில் எல்லோருக்கும் ஒரே "நீ"தான். நான் ஒவ்வொரு முறையும் இல்லை என்றே சொன்னேன்.

3

நிறுத்தியது இரண்டாயிரத்து மூன்றில். என் மனவுறுதியால் விட்டுவிட்டேன் என்று வீட்டில் சொன்னேன். அது பொய். குடும்ப வைத்தியர் ஒரு குளிசை எழுதித் தந்தார். அதைப் போட்டிருக்கும்போது மது உடம்புக்குள் போனால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், வாந்தி வரும். அந்தப் பயத்தில் குடிக்காமல் இருக்க வேண்டும். திங்கள், புதன், வெள்ளி, கிழமைக்கு மூன்று தரம் வேலைக்குப் போகும் வழியில் மருந்துக்கடைக்குப் போவேன். அங்குள்ள பெண் குளிசையைத் தண்ணீரில் கரைத்துத் தருவாள். அவள் முன்னாலேயே குடித்து, வெறும் குவளையைக் காட்ட வேண்டும். நாற்பத்தெட்டு வயதில் அது ஒரு கூச்சம். பவானி என்னை மெச்சிச் சொந்தக்காரருக்குத் தொலைபேசியில் சொல்லும்போதெல்லாம் அந்தக் கூச்சம் இரண்டு மடங்காகும்.

ஆரணி இரசாயனம் படித்தாள். பல்கலைக்கழகத்தில் இருந்து ஒரு வருடம் மாணவியாக யப்பானுக்குப் போனாள். படிப்பு முடிந்ததும் திரும்ப அங்கேயே போய், மலைகளுக்கு நடுவில் பனி விழும் ஒரு சிற்றூரில் வேலைக்குச் சேர்ந்தாள். எங்கே என்று பவானி கேட்டாள். முந்நூறு வருடப் பழைய மதுச்சாலை என்றாள் ஆரணி. அரிசியைப் புளிக்கவைத்து சாக்கே என்ற மதுவைச் செய்யும் இடம். பயிற்சி விசாவில் எடுத்திருக்கிறார்களாம்.

பவானி தொலைபேசியை என் கையில் தந்துவிட்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு எட்டு மாதம் மகளோடு அவள் கதைக்கவில்லை. எனக்கு வேறு ஒரு பயம் இருந்தது. உலகத்தில் இவ்வளவு வேலை இருக்க, இந்தப் பிள்ளை ஏன் இதைத் தெரிவு செய்தாள்? இது எனக்கு அடிக்கிற அடியோ என்று நினைத்தேன். கேட்கத் தைரியம் வரவில்லை.

போன வருடத் தை மாதம் ஆரணியின் பெயருக்கு ரொம்சோஸ் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. ஒஸ்லோவில் உணவுப் பரிசோதனைக்கூடம் ஒன்றில் வேலை. யப்பானுக்குப் போகுமுன் விண்ணப்பித்திருக்கிறாள். மாசி முடியுமுன் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். பவானி கடிதத்தை மடித்து என் பயணப்பையில் வைத்தாள். "கையெழுத்தோடை வாங்கோ. ஏலுமெண்டால் பிள்ளையோடை வாங்கோ" என்றாள். எனக்கு டிக்கெட்டும் எடுத்துவிட்டிருந்தாள்.

4

விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி என் சிவப்புக் கடவுச்சீட்டைப் புரட்டி, பிறந்த இடத்தில் விரலை வைத்து நின்றார். எதற்கு வந்தாய் என்றார். மகளைப் பார்க்க. மகள் என்ன வேலை? "அரிசி வேலை" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் என்னை மறுபடி பார்த்தார். பையைத் திறக்கச் சொன்னார்கள். குளிசைப் பெட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். வைத்தியரின் அட்டையைக் காட்டினேன். நோர்வேஜியத்திலும் ஆங்கிலத்திலும் மருந்தின் பெயர் போட்ட அட்டை. நாற்பது நிமிடம் கதிரையில் இருத்தி வைத்துவிட்டுப் போகவிட்டார்கள்.

மூன்று ரயில் மாறி, கடைசியில் ஒற்றைப் பெட்டி ரயிலில் போய் இறங்கினேன். ஆரணி நிலையத்தில் நின்றாள். மெலிந்திருந்தாள். கைகள் இரண்டும் குளிரில் வெடித்திருந்தன. மதுச்சாலையில் தங்க இடமில்லை, மேலே உள்ள புத்த கோயிலில் யாத்திரிகர்களுக்கு அறை கொடுப்பார்கள், அங்கே சொல்லிவைத்திருக்கிறேன் என்றாள். நான் தலையாட்டினேன். ஆனால் என் கால் தயங்கியது.

யாழ்ப்பாணத்தில் எங்கள் சந்தியில் இராணுவத்தினர் முதலில் மணல் மூட்டை அடுக்கினார்கள். பிறகு காவலரண் வந்தது. பிறகு அரசமரத்தடியில் புத்தர் வந்தார். அந்தச் சிலையைக் கடந்து போகும்போது சைக்கிளை விட்டிறங்கி உருட்ட வேண்டும். இருபது வருடம் ஆகியும் புத்தர் சிலையைக் கண்டால் என் கை தானாகச் சட்டைப்பையில் அடையாள அட்டையைத் தேடும். ஆரணிக்கு இது தெரியாது. அவளுக்கு நாங்கள் சொன்னதும் இல்லை.

கோயில் வாசலில் ஆளுயரக் கல் ஒன்று நின்றது. அதில் வெட்டியிருந்ததை ஆரணி வாசித்துச் சொன்னாள். வாடை வீசும் மரக்கறிகளும் மதுவும் இந்த வாசலைத் தாண்டக்கூடாது. வாடை வீசுவது என்றால் வெங்காயம், உள்ளி. எனக்கு நெஞ்சில் கொஞ்சம் ஆறுதல். மகள் வேலை செய்யும் இடத்திலிருந்து இந்தக் கல்லாவது என்னைக் காக்கும்.

பிக்கு கறுப்பு உடையில் இருந்தார். மஞ்சள் இல்லை என்பதே எனக்குப் பாதி நிம்மதி. அவருக்கு மனைவியும் காரும் இருந்ததைக் கண்டு முழித்தேன். அங்கே அதுதான் வழக்கமாம். மனைவிதான் கோயிலின் சமையல். அறுபது வயதிருக்கும், சின்ன உருவம், எந்நேரமும் ஈரக் கை.

சாப்பாடு சிவப்புத் தட்டில் வந்தது. கட்டையான கால் வைத்த தட்டு, நிலத்தில் முழந்தாளிட்டு இருந்து சாப்பிட வேண்டும். எள்ளை அரைத்துக் கட்டியாக்கியது, காயவைத்த சோயாக்கட்டி, ஏதோ மலைக்கீரை, ஊறவைத்த முள்ளங்கி, சோறு. எங்கள் விரதச் சாப்பாடுதான் என்று முதலில் நினைத்தேன். ஆனால் எங்கள் விரதத்தில் கதை இருக்கும், இன்னும் கொஞ்சம் போடட்டோ என்ற உபசாரம் இருக்கும். இங்கே பேச்சே இல்லை. கிண்ணத்தை வைக்கும் சத்தம்கூடக் கேட்கக்கூடாது. சாப்பிடுமுன் பிக்கு ஒரு சுலோகம் சொல்வார். இந்தச் சோறு எத்தனை பேரின் உழைப்பால் வந்தது, இதைச் சாப்பிட எனக்குத் தகுதி உண்டா என்று கேட்கும் சுலோகம் என்று ஆரணி சொன்னாள். முடிவில் ஒரு துண்டு முள்ளங்கியால் கிண்ணத்தை வழித்து, தேநீர் ஊற்றி அலசி, அந்தத் தண்ணீரையும் குடித்துவிட வேண்டும். ஒரு பருக்கை மிச்சம் வைப்பது அவமதிப்பு.

தகுதி உண்டா என்ற கேள்வி என்னோடு அறை வரைக்கும் வந்தது.

5

ஆரணி இரண்டு நாள் என்னைச் சந்திக்கும்போதெல்லாம் எட்டத்தில் இருந்தாள். கதைத்தாள், சிரித்தாள். ஆனால் அருகில் வரும்போது ஒருமுறை மூச்சை இழுத்துப் பார்ப்பாள். அவள் அறியாமலே செய்யும் வேலை அது. நான்கு வருடம் ஆகியும் போகவில்லை.

திங்கட்கிழமை காலை அறையில் குளிசைப் பெட்டியை வைத்துக்கொண்டு இருந்தேன். நான்கு வருடத்தில் முதல் தடவையாக எனக்கு முன்னால் மருந்துக்கடைப் பெண் இல்லை. குவளையைக் காட்ட ஆளில்லை. யன்னலுக்குக் கீழே, ஐந்து நிமிட நடையில், மதுச்சாலையின் புகைபோக்கி தெரிந்தது. காற்று இந்தப் பக்கம் வீசும்போது அவிந்த அரிசியும் புளிப்பும் கலந்த ஒரு மணம் வந்தது. குளிசையைப் போடாமல் விட்டால் இரண்டு மூன்று நாளில், மிஞ்சிப்போனால் இரண்டு கிழமையில், உடம்பு சுதந்திரமாகிவிடும். கணக்கு எனக்குத் தெரியும். நெடுநேரம் இருந்தேன். கடைசியில் தண்ணீரில் கரைத்துக் குடித்தேன். வெறும் குவளையை யன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். யாருக்கு என்று தெரியவில்லை.

அன்று மதியம் ஆரணி மதுச்சாலையைக் காட்ட என்னைக் கூட்டிப்போக வருவதாக இருந்தது. அதற்கு முன் கோயிலில் மதியச் சாப்பாடு. பிக்குவின் மனைவி ஒரு விசேட தினம் போல முகம் மலர்ந்து தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். மூடிய கிண்ணத்தைக் காட்டி, பிறகு மலையடிவாரத்தைக் காட்டி, ஆரணியின் பெயரைச் சொன்னாள். மகளைப் புகழ்கிறாள் என்று நினைத்து நானும் கும்பிட்டேன்.

மூடியைத் திறந்தேன். வெள்ளையான தடித்த சூப். கரட், முள்ளங்கி, கிழங்கு. முதல் வாய் இனித்தது. இரண்டாவது வாயில் தொண்டைக்குள் ஒரு சூடு. வாசலில் கல் நிற்கிறதே, அப்படி இருக்காது என்று எனக்கே சொன்னேன். பக்கத்தில் இருந்த மண்ணிற ஊறுகாய்த் துண்டைக் கடித்தேன்.

மூன்றாவது வாயில் எனக்குத் தெரிந்துவிட்டது.

பிறகு தெரிந்துகொண்டது இது. சாக்கேயைப் பிழிந்த பின் மிஞ்சும் வெள்ளைச் சக்கையை மதுச்சாலை வருடா வருடம் கோயிலுக்குக் கொடுக்கும். அது மதுவாகக் கணக்கில்லை, சாப்பாட்டுச் சாமான். அதில் சூப் வைப்பார்கள், அதற்குள் மரக்கறியைப் புதைத்து ஊறுகாய் போடுவார்கள். அந்த முறை மதுவைப் பிழிந்தவர்களில் என் மகளும் ஒருத்தி. அதனால்தான் அந்த அம்மா அவள் பெயரைச் சொன்னாள்.

இதெல்லாம் பிறகு. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், இதில் அது இருக்கிறது. கிண்ணத்தைக் கீழே வைத்திருக்கலாம். மிச்சம் வைப்பது அவமதிப்பு என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது. எவ்வளவு நல்ல சாட்டு. கிண்ணத்தை முடித்தேன். தேநீர் ஊற்றி அலசி அதையும் குடித்தேன்.

6

பத்து நிமிடம் இருக்கும். காது சூடாகியது. பிறகு கழுத்து, முகம். நெஞ்சு அடிப்பது வெளியில் கேட்கும்போல இருந்தது. எழும்பினேன், சுவர் சரிந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு முன்வாசலுக்குப் போனேன். ஆரணி காலணியில் இருந்த பனியைத் தட்டிக்கொண்டு நின்றாள். நிமிர்ந்தாள்.

சிவந்த முகம், நனைந்த கண், நடுங்கும் கை. அவளுக்கு நன்றாகப் பழகிய ஆள்.

"ஹார் டு ட்ருக்கெ?" என்றாள்.

இல்லை என்றேன். நாக்கு தடித்திருந்தது. அந்த ஒரு சொல்லே உளறலாக வந்தது. அவள் திரும்பிப் படியிறங்கிப் போனாள். வேகமாகக்கூடப் போகவில்லை. கூப்பிட வாயைத் திறந்தேன், வாந்திதான் வந்தது. முழந்தாளில் விழுந்தேன்.

பிக்குவின் மனைவியின் குரல் கேட்டது. சத்தமே போடக்கூடாத அந்தக் கோயிலில் அவள் கத்திக்கொண்டு காலில் ஒன்றும் இல்லாமல் பனிக்குள் ஓடினாள், ஆரணியின் பெயரைச் சொல்லி. பிக்கு காரைக் கொண்டுவந்தார். பின் இருக்கையில் என் தலை மகளின் மடியில் இருந்தது. அவள் முகத்தை யன்னல் பக்கம் திருப்பி வைத்திருந்தாள்.

பட்டினத்து வைத்தியசாலையில் வயதான வைத்தியர் ஒருவர். இரத்த அழுத்தம் மிகவும் இறங்கியிருந்தது. என்ன குடித்தார், எவ்வளவு குடித்தார் என்று ஆரணியிடம் கேட்டார். நான் சட்டைப்பையைக் காட்டினேன். அவள் அட்டையை எடுத்து நோர்வேஜியத்தில் வாசித்தாள். வாசித்துவிட்டு அப்படியே நின்றாள். இரசாயனம் படித்தவளுக்கு அந்த மருந்தின் பெயரை விளக்கத் தேவையில்லை. பிறகு வைத்தியருக்கு யப்பானிய மொழியில் சொன்னாள். இந்த முறை எதையும் மாற்றவில்லை என்று நினைக்கிறேன்.

சேலைன் ஏற்றினார்கள், ஒட்சிசன் வைத்தார்கள். இரண்டு மணித்தியாலத்தில் நெஞ்சு அடங்கியது. பின்னேர வெயில் பனியில் பட்டு அறை முழுக்க வெளிச்சம். ஆரணி கட்டில் பக்கத்தில் இருந்தாள். எத்தனை வருடமாகக் குளிசை என்று கேட்டாள். தொடக்கத்தில் இருந்தே என்றேன். மனவுறுதி என்று சொன்னது பொய் என்றேன்.

"நான் உங்களை விட்டிட்டுப் போனனான் அப்பா" என்றாள். "நீங்கள் தெரியாமல் சாப்பிட்டதுக்கு."

அந்த இடத்தில் நான் பேசாமல் இருந்திருக்கலாம். மகள் மன்னிப்புக் கேட்கிறாள். நான் ஒரு தவறும் செய்யாத தகப்பனாக அந்தக் கட்டிலில் படுத்திருக்கலாம். நான்கு வருடமாக நான் ஏங்கியது அதற்குத்தான்.

"முதல் ரண்டு வாயும் தெரியாமல்தான்" என்றேன். "மூண்டாவது வாயிலை எனக்குத் தெரிஞ்சிட்டுது."

"தெரிஞ்சும்?"

"ஓம். கிண்ணத்தை முடிச்சனான்."

"குளிசை போட்டிருக்கு எண்டு தெரிஞ்சும்?"

"ஓம்."

அவள் தன் வெடித்த கைகளைத் திருப்பிப் பார்த்தாள். எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன்.

"சின்னனிலை நான் எத்தினை தரம் கேட்டிருப்பன். ஒருநாளும் நீங்கள் ஓம் எண்டு சொன்னதில்லை" என்றாள்.

அப்போதுதான் நானும் கேட்டேன். எனக்கு அடிக்கவோ இந்த வேலையை எடுத்தாய் என்று. அவள் உடனே இல்லை என்று சொல்லவில்லை. யோசித்துத்தான் சொன்னாள். மதுச்சாலைக்குள் முதல் நாள் போனபோது சோறு அவியும் மணமும் மதுவின் மணமும் ஒன்றாக வந்ததாம். எங்கள் ரொம்சோஸ் வீட்டின் மணம். வெளியில் ஓடிப்போய்ச் சத்தி எடுத்திருக்கிறாள். அடுத்த நாள் திரும்பப் போயிருக்கிறாள்.

"இஞ்சை அதை ஒருத்தரும் ஒளிக்கிறேல்லை அப்பா. அரிசி கழுவுறதிலையிருந்து எல்லாம் கண்ணுக்கு முன்னாலை நடக்குது. எனக்கு அது தேவைப்பட்டது. பிறகு வேலை பிடிச்சுப்போச்சு. இப்ப வேலை செய்யேக்கை உங்களை நினைக்கிறதேயில்லை."

என்னை நினைப்பதில்லை என்று அவள் சொன்னது அவ்வளவு நிம்மதி தரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

7

கோயிலுக்குத் திரும்பிய அன்று பிக்குவின் மனைவி என் அறை வாசலில் நெற்றி நிலத்தில் படக் குனிந்தாள். நான் பதறிப் போனேன். குற்றம் என்னுடையது என்று சொல்ல எனக்கு மொழி இல்லை. ஆரணி சொன்னாளோ என்னவோ, அந்த அம்மா எழுந்து என் கையை இரண்டு கையாலும் பிடித்தாள். மிச்ச நாட்கள் கோயிலில் சக்கைச் சூப்பும் இல்லை, அந்த ஊறுகாயும் இல்லை. பிக்குவும் நான் சாப்பிட்டதையே சாப்பிட்டார். புத்தர் இருந்த மண்டபத்தில் ஒருநாள் தனியாகப் போய் இருந்தேன். கை சட்டைப்பைக்குப் போனது. எடுத்து மடியில் வைத்தேன். திரும்பவும் போனது. அது அவ்வளவு சுலபத்தில் போகாது.

மது புளிக்கும் கூடத்துக்குள் என்னை விடக்கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அங்குள்ள ஆவியே எனக்கு ஆகாது. ஆகவே ஒரு காலையில் முற்றத்தில் நின்று பார்த்தேன். திறந்த கொட்டகையில் ஆளுயரப் பாத்திரத்தில் அரிசி ஆவியில் வெந்தது. வெந்ததும் துணியில் அள்ளித் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆறு ஆண்களும் ஆரணியும். அந்தக் குளிரில் கை மடித்த சட்டை. அவள் ஏதோ சொன்னாள், இரண்டு பேர் உடனே திரும்பினார்கள். தலைமைக்காரர் கிழவர். அந்த மதுச்சாலைக்குள் முன்பு பெண்கள் வரக்கூடாதாம். இப்போது அவர் சூடான சோற்றை உள்ளங்கையில் பிசைந்து அடையாகத் தட்டிப் பதம் பார்த்து, பாதியை அவள் கையில் கொடுத்து அவள் என்ன சொல்கிறாள் என்று பார்த்தார். அவள் தலையசைத்த பிறகுதான் அடுத்த பாத்திரத்துக்குப் போனார்.

வீட்டில் தேநீர்க்குவளையைக்கூடக் கழுவாத பிள்ளை. இரண்டு மணித்தியாலம் நின்று பார்த்தேன். அவள் ஒருமுறையும் என் பக்கம் திரும்பவில்லை. அவ்வளவு வேலை.

புறப்படும் நாள் ரயில் நிலையத்தில் கடிதத்தைக் கொடுத்தேன். அம்மா கையெழுத்து வாங்கி வரச் சொன்னவ, நான் கேட்கவில்லை, பார்த்து முடிவு செய் என்றேன். அவள் வாசித்து, மடித்து, வேலை வேண்டாம் என்று தானே எழுதி அனுப்புவதாகச் சொன்னாள். அம்மாவுக்கு என்ன சொல்லுவீங்கள் என்று கேட்டாள். முதலில் என்னைப் பற்றியதைச் சொல்கிறேன் என்றேன்.

சொன்னேன். பவானி கேட்டது ஒரே கேள்வி. "பிள்ளைக்குச் சொல்லிப்போட்டோ எனக்குச் சொல்லுறியள்?" மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நான்காம் நாள் தொலைபேசியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நாற்பது நிமிடம். தாயும் மகளும் என்ன கதைத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

8

அந்த ஆனி மாதம் ஒஸ்லோவுக்குப் பக்கத்து ஊரான லில்லெஸ்ட்ரோமில் ஒரு கலியாணம். மேசையில் எங்களோடு செல்வம் இருந்தார். மீன் தொழிற்சாலை நாட்களில் இருந்து என்னைத் தெரிந்தவர். ஊரில் ஒரே பிள்ளையாகப் பிறந்து, அம்மாவின் செத்தவீட்டுக்கும் போக முடியாமல் போன மனிதர். ஆரணி என்ன செய்கிறாள் என்று கேட்டார். அதுவரை யார் கேட்டாலும் ஆராய்ச்சி என்று சொல்வது எங்கள் வழக்கம். நான் வாயைத் திறக்குமுன் பவானி சொன்னாள்.

"அவள் யப்பானிலை அரிசி மது செய்யிற இடத்திலை வேலை. அரிசியைப் பாதியாத் தீட்டிப்போட்டுத்தான் செய்வினமாம். லேசான வேலையில்லை."

செல்வம் தன் கிளாசைத் தூக்கி, அப்ப உங்களுக்கு இனிக் குறைவில்லை என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். இரண்டொருவர் கூடச் சிரித்தார்கள். பவானியின் கை மேசைக்கு அடியில் என் முழந்தாளில் வந்து இருந்தது.

"நான் குடிக்கிறேல்லை செல்வம்" என்றேன். "கிழமைக்கு மூண்டு தரம் குளிசை போடுறனான். அது இல்லாட்டில் என்னாலை ஏலாது."

அவர் கிளாசைப் பார்த்தார். பிறகு வேறு யாரோ மாப்பிள்ளையின் வேலையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்கள்.

நாங்கள் வெளிக்கிட்டு ரயில் நிலையத்துக்கு நடக்கும்போது பின்னால் காலடி கேட்டது. செல்வம். பவானி கொஞ்சம் முன்னால் போய் நின்றாள். அவர் மண்டபத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அந்தக் குளிசை எங்கை எடுக்கிறது? என்ரை தம்பிக்காகக் கேக்கிறன்."

"முதல் குடும்ப வைத்தியரிட்டைப் போகவேணும்" என்றேன். "தனியப் போகத் தம்பிக்குக் கூச்சமெண்டால், நான் கூட வாறன் எண்டு சொல்லுங்கோ. வாற புதன்கிழமை லீவு எடுக்கிறன்."

"சொல்லுறன்" என்றார்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு வைத்தியரின் வாசலில் செல்வம் நின்றார். சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு. நான் தம்பியைக் கேட்கவில்லை. கதவைத் திறந்து பிடித்தேன், அவர் உள்ளே போனார்.